காது வேண்டாத ரேடியோ

என் காது மெல்ல மெல்லத்தான் போனது. முதலில் மின்விசிறி ஓடும் அறையில் பேச்சு பிடிபடவில்லை. பிறகு பஸ்ஸில் கண்டக்டர் கேட்பது பிடிபடவில்லை. அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் உதட்டைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கினேன். நரம்பு தளர்ந்துவிட்டது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். இரண்டு காதிலும் கருவி வைத்தார்கள். அமைதியான அறையில் ஒருவர் முகத்துக்கு நேரே பேசினால் கேட்கும். மற்றபடி உலகம் பக்கத்து வீட்டில் நடக்கும் கல்யாணம் போல ஆகிவிட்டது. ஏதோ நடக்கிறது என்று தெரியும், என்னவென்று தெரியாது.

எனக்கு வேறு எதைவிடவும் வலித்தது ரேடியோதான். கல்யாணத்துக்கு முன்பே பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே அலைவரிசையில் பிறரோடு பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கு உரிமம் வாங்கியவன் நான். பாறசாலைக்குத் தெற்கே, கேரள, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. கைப்பேசி ஹாலில் ஒரு மாநிலத்தையும் அடுக்களையில் இன்னொரு மாநிலத்தையும் பிடிக்கும். அப்பாவும் அவருடைய அப்பாவும் சர்க்கார் குமாஸ்தாக்கள். நானும் நெய்யாற்றின்கரையில் ஒரு அலுவலகத்தில் அதே வேலைக்குத்தான் போனேன். பகலெல்லாம் கோப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மைக்கைக் கையில் எடுத்தால் நான் வேறு ஆள். தினமும் மாலையில் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று எங்களுக்கு இருந்தது. மலையாளமும் தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. அதில் பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் குரலைக் கேட்டாலே ஜலதோஷம் பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன்.

ஒரு மழைக்கால மாலையில், நகரத்திலிருந்து பேசும் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், உங்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்டாராம். என் காதில் விழுந்தது வேறு ஏதோ. மகள் நன்றாக இருக்கிறாள், பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னேன். பிறகு அவர் அதே கேள்வியை ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த நாளிலிருந்து எல்லாருமே என்னிடம் அப்படித்தான் பேசத் தொடங்கினார்கள். அந்த வாரமே செட்டைத் துணியால் மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

என் மனைவி உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே, பின் பெஞ்சில் கிசுகிசுத்தவன் யார் என்று பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய காது அவளுக்கு. எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனை அழைப்பது போல அவளும் என்னைக் "கேட்டியளா" என்றுதான் கூப்பிடுவாள். நான் திரும்பாதபோது அதையே இன்னொரு தடவை சொல்லாமல், எழுந்து வந்து தோளைத் தொடுவாள். ஹார்ன் எனக்குக் கேட்பதில்லை என்று ஆனபின், காரை ஓட்டும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். காலையில் என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். அவள் பள்ளியைத் தாண்டிப் போய் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதை நான் பலநாள் கழித்துத்தான் யோசித்தேன்.

இப்படி ஒன்றிரண்டு வருடம் ஓடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நண்பன் வந்தான். பொழியூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன், என்னைவிடச் சில வயது இளையவன். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் கரையில் நின்று வள்ளங்களின் என்ஜினையும், மீன் இருக்கும் இடம் காட்டும் கருவிகளையும் பழுது பார்க்கிறான். அவனும் ரேடியோக்காரன்தான். என்ஜின் ஓட ஓடக் கத்திப் பேசியே பழகிய தொண்டை. அதனால் உலகத்தில் எனக்கு மிகத் தெளிவாகக் கேட்கும் குரல் அவனுடையது. நாங்கள் மீன் சாப்பிடாத வீடு என்பதால், வரும்போதெல்லாம் வழியில் மரச்சீனிக் கிழங்கு வாங்கி வருவான். அன்றைக்குக் கிழங்கோடு ஒரு பிளாஸ்டிக் சோற்று டப்பாவும் கொண்டுவந்தான். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை, சில வயர்கள்.

"அண்ணே, இது உங்களுக்காக்கும். கார்ல வைக்கணும்."

"என்னலே இது?"

"வண்டி எங்க நிக்குதுண்ணு செயற்கைக்கோளைப் பாத்துத் தெரிஞ்சிட்டு, ரேடியோவுல அதுவே சொல்லிட்டே இருக்கும். எனக்க வீட்டு மொட்டைமாடியில ஒரு பெட்டி வச்சிருக்கேன், அது கேட்டு வாங்கி இன்டர்நெட்டுல வரைபடத்துல போட்டுரும். அந்தப் பெட்டியும் ரேடியோவுல திரும்பப் பேசும், சின்னச் சின்னச் செய்தியும் அனுப்பலாம், எழுத்துல."

"ரேடியோவெல்லாம் விட்டாச்சு மக்கா. எனக்குக் காது உண்டா சொல்லு?"

"காது வேண்டாமாக்கும் இதுக்கு! கண்ணு போதும். சத்தத்தை மெசின் கேட்டுக்கும், நீங்க வாசிச்சாப் போதும்."

நான் டப்பாவை மூடி அவன் பக்கம் தள்ளினேன். அடுக்களை வாசலில் நின்றிருந்த மனைவி கேட்டாள், "அப்பம், நான் ஓட்டிட்டுப் போற எடமெல்லாம் ஊருக்குத் தெரியுமோ?"

"ஆமா டீச்சர். யாரு வேணும்னாலும் பாக்கலாம்."

"அது எதுக்கு? நான் என்ன கயிறு கட்டின பசுவா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, ஒரு சுவிட்ச் வைத்துவிடலாம், வேண்டாத நேரம் அணைத்துவிடலாம் என்றான். அவள் கொஞ்சம் யோசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் டப்பாவைத் தள்ளிவிட்டேனே தவிர, கையை இன்னும் அதன் மேலிருந்து எடுக்கவில்லை என்பதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

"செரி. சுவிட்ச் எனக்குக் கை எட்டுற எடத்துல இருக்கணும். சம்மதமா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நண்பன் வெள்ளைச் சட்டையோடேயே வந்துவிட்டான். போர்ட்டிகோவில் எங்கள் சின்னக் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை தொடங்கினோம். பாட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து, பாட்டரியின் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டோம். என்ஜினுக்கும் உள்ளே ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில், ஏற்கெனவே வயர்கள் போகும் ஒரு ரப்பர் ஓட்டை உண்டு. அதன் வழியாக வயரை நுழைக்க அரை மணி நேரம் பிடித்தது. அவன் டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து, "தள்ளுங்க, தள்ளுங்க" என்று கத்தினான். அது எனக்குக் கேட்டது. அவ்வளவு நாளுக்குப் பிறகு ஒருவன் சொல்வதைக் கேட்டு உடனே செய்யும் வேலை. சட்டையெல்லாம் கிரீஸ். எனக்குச் சிரிப்பு வந்தது.

அலமாரியில் மூடி வைத்திருந்த செட்டை எடுத்துத் துடைத்தேன். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் அது பொருந்திக்கொண்டது. கூரையின் நடுவில் காந்தத்தில் ஒட்டும் ஆன்டெனா. செயற்கைக்கோளைப் பார்க்கும் சின்னக் கட்டையை வெயில் படாமல் இருக்கட்டும் என்று டாஷ்போர்டுக்கு உள்ளே வைத்தேன். பலகையின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்ததே தவிர, இடம் பிடிபடவில்லை. தலைக்கு மேல் தகடு இருந்தால் அதற்கு வானம் தெரியாது என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. கைவிட்டு ரொம்ப நாளாகிவிட்டது, அவ்வளவுதான். கண்ணாடியின் ஓரத்தில், அவள் வைத்திருந்த சின்னப் பிள்ளையாரின் பக்கத்தில் ஒட்டியதும், விளக்கு மின்னுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. வயர்களைச் சால்டரிங் பண்ணினேன். ஈயம் உருகிப் பளபளவென்று கூம்பாகப் படிந்தபோது, என் விரல்கள் எதையும் மறக்கவில்லை என்று புரிந்தது.

சுவிட்ச் கியருக்குப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டும் இடத்தில்.

திங்கட்கிழமை காலையில் அவளே சுவிட்சைப் போட்டாள். நான் மடியில் கைப்பேசியை வைத்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். உதியன்குளங்கரை தாண்டியது. அமரவிளைப் பாலம் தாண்டியது. நெய்யாறு மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் ஆறு இருந்தது, பாலம் இருந்தது, நாங்கள் இல்லை. செட்டில் சிவப்பு விளக்கு அவ்வப்போது எரிந்து அணைகிறது. அனுப்புகிறது என்று அர்த்தம். யாரும் வாங்கவில்லை.

ஆன்டெனாவைச் சந்தேகப்பட்டேன். பிளக்கை வெட்டி மறுபடியும் போட்டேன். கேபிளை மாற்றினேன். வாரம் முழுக்க இதே கதை. நண்பன் செய்தி அனுப்பினான்: எனக்க பெட்டிக்குச் சத்தம் வருது அண்ணே, ஆனா அதுக்கு ஒண்ணும் புரியல. அதைப் படித்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. சத்தம் வருகிறது, ஒன்றும் புரியவில்லை. என்னைப் பற்றி யாரோ எழுதியது போலிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு, பலகையைக் கழற்றலாம் என்று காருக்குப் போனேன்.

மனைவி பின்னாலேயே வந்து தோளைத் தொட்டாள்.

"கேட்டியளா, அதைக் கழத்தாதிய. எனக்கு ஒரு சம்சயம் உண்டு."

சிக்னல் வரும்போது விளக்கு எரிகிறதா என்று பார்க்க, அதே அலைவரிசையில் போட்டு நான் பின்சீட்டில் வைத்திருந்த கைரேடியோவை எடுத்தாள். வண்டி ஓட்டும்போதெல்லாம் அது இரைந்துகொண்டே வந்திருக்கிறது. எனக்குக் கேட்காததால் அணைக்கத் தோன்றவில்லை. அவள் தினமும் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறாள்.

"உங்க கூட்டுக்காரரு வீட்டுப் பெட்டியில இருந்து வர்ற சத்தம் எண்ணெயில கடுகு பொரியிற மாதிரி இருக்கு. சரசரண்ணு, சுத்தமா. நம்மளோடது துணி கிழிக்கிற மாதிரி. ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கணும்?"

பலகையிலிருந்து செட்டுக்குப் போகும் சத்தம் அதிகமாகிவிட்டால், மறுபக்கம் கேட்பது உடைந்துபோகும். ரொம்பக் கத்தினால் வார்த்தை புரியாதது போல. அதைச் சரிசெய்ய பலகையில் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. அதைக் காதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும் என்பதாலேயே, நான் அதன் பக்கம் போகாமல் ஆன்டெனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம்.

அவள் கைரேடியோவை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசியில், பலாமரத்தடிக்குப் போனாள். பக்கத்தில் நின்றால் எல்லாச் சத்தமும் ஒன்று போலத் தோன்றும், தள்ளிப்போ என்று நான்தான் அனுப்பினேன். நான் காரில் உட்கார்ந்து, சின்னத் திருப்புளியைத் திருகில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அவள் முகத்தைச் சுளித்து, உள்ளங்கையைத் தரையைப் பார்த்துத் தாழ்த்தினாள். கொஞ்சம் குறைத்தேன். மறுபடியும் அழுத்தினேன். இன்னும் தாழ்த்தினாள். வகுப்பில் பிள்ளைகளை அமைதியாக்கும் அதே கை. ஒரு தடவை ரொம்பக் குறைத்துவிட்டேன் போல, காதருகே கையைக் குவித்து, ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். மறுபடியும் ஒரு மயிரிழை ஏற்றினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, ஆள்காட்டி விரலைத் தூக்கி, அப்படியே நில்லுங்கள் என்று காட்டினாள்.

நாங்கள் இருவரும் அவரவர் இடத்தில் அசையாமல் இருந்தோம். அவளுடைய கைப்பேசி வெளிச்சம் போட்டது. எடுத்துப் பார்த்தவள், பலாச்சருகெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்து எத்தனையோ காலம். திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நண்பன் ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தான்: கிட்டி!

வரைபடத்தில், எங்கள் வீட்டின் மேல் ஒரு குட்டிக் கார். கீழே என் கால்சைன், உரிமத்தோடு எனக்குக் கிடைத்த ரேடியோப் பெயர். நான் ஏறக்குறைய மறந்துவிட்ட அந்த எழுத்துகள்.

மறுநாள் காட்டாக்கடை வரைக்கும் போனோம். போக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கும்போது வரைபடத்தில் காணாமல் போனோம். மேடேறியதும் மறுபடியும் தெரிந்தோம். "இப்ப தெரியுதா? இப்ப?" என்று ஒவ்வொரு மேட்டிலும் அவள் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். கடைத்தெருவுக்கு முன்னால் ஒரு ஏற்றத்தில், சாயா குடிக்க நிறுத்தினோம். சாயா வருவதற்குள், பலகையோடு இணைத்திருந்த என் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. கடற்கரை வீட்டுப் பெட்டி வழியாக ரேடியோவில் வந்தது. அனுப்பியவருடைய கால்சைனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அந்தப் பல் மருத்துவர்.

ஆங்கில எழுத்தில் மலையாளம் எழுதியிருந்தார். வரைபடத்தில் உங்களைப் பார்த்தேன், கண்ணை நம்ப முடியவில்லை, காட்டாக்கடையில் என்ன வேலை?

நான் உடனே எழுதினேன். வேலை ஒன்றுமில்லை, மனைவி ஓட்டுகிறாள், நான் ஊர் பார்க்கிறேன்.

அதிர்ஷ்டக்காரர், எனக்கு என் மனைவி சாவியே தருவதில்லை என்று பதில் வந்தது.

நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போல. சாயாக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று செய்திகள். எந்தச் செய்தியையும் அவர் எனக்காக இரண்டாவது தடவை சொல்லவில்லை. நானும் எதையும் ஊகிக்கவில்லை. கேள்வி வந்தது, பதில் போனது. இரண்டு ஆட்கள் பேசிக்கொள்வது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஞாபகம் வந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தபடியே தன் சாயாவை ஆறவிட்டாள். "என்ன சொல்லுதாரு?" என்று கேட்டாள். நான் கைப்பேசியை அவளிடம் கொடுத்தேன். படித்து அவளும் சிரித்தாள்.

கொஞ்ச நாளில் பழைய கூட்டத்தில் பலர் என்னோடு எழுத்தில் பேசத் தொடங்கினார்கள். மாலையில் அவர்கள் குரலில் பேசுவதைக் கேட்டு, முக்கியமானதை நண்பன் ஒரு வரியில் எனக்கு அனுப்புவான். நான் எழுதுவதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவான். அவன் வாசித்தால் ஊரே கேட்கும்.

இதற்கிடையில் எனக்குக் காய்ச்சல் வந்து சில நாள் அலுவலகம் போகவில்லை. அவள் தனியாகப் பள்ளிக்குக் கிளம்பினாள். சுவிட்சைப் போடாதே என்று சொன்னேன்.

"ஏன்?"

"உரிமம் என் பேர்ல. நான் வண்டியில இல்லாம அது பேசப்பிடாது. சட்டம் அப்படியாக்கும்."

"அப்பம் நான் இவ்வளவு நாள் ஓட்டினதுக்கும், அதோட சத்தத்தைச் செரியாக்கினதுக்கும் ஒண்ணுமில்லையா? உங்க டிரைவர் மட்டும்தானா?"

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சாயங்காலம் வந்ததும் பையைக்கூட இறக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அந்தப் பரீட்சைக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் என் பழைய புத்தகங்கள் விரிந்து கிடந்தன. அவளுக்கு மின்சாரக் கணக்குகள் எளிதாக வந்தன. விதிகள்தான் எரிச்சல் தந்தன. "இதை எழுதினவன் ஒரு நாளாவது வகுப்பெடுத்திருக்க மாட்டான்" என்பாள். நான் கேள்வி கேட்பேன், அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி பதில் சொல்வாள். மகள் பெங்களூரிலிருந்து போனில், "அம்மா, இந்த வயசுல பரீட்சையா?" என்றாளாம். "எனக்க வயசை எவரும் கேக்கல, ஓம்ஸ் விதியைத்தான் கேப்பாங்க" என்று சொன்னதாக என்னிடம் பெருமையாகச் சொன்னாள். பரீட்சை நாளன்று நண்பன் தன் மனைவியோடு வந்து, பரீட்சைக் கூடத்துக்கு வெளியே என்னோடு காத்துக்கொண்டு நின்றான். வெளியே வந்தவள், என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு தப்பு" என்றாள். அந்த ஒன்றை நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை.

உரிமம் வர மாதங்கள் ஆயின. வந்தபோது தன் கால்சைனைக் கையில் பேனாவால் எழுதிப் பார்த்தாள், பள்ளிப் பிள்ளை மாதிரி.

போன வாரம் அவள் முதல்முறையாகத் தன் கால்சைனில், தனியாக, காட்டாக்கடையில் ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போனாள். நான் வீட்டில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். அவளைக் காவல் காப்பதற்காக அல்ல. பார்க்கட்டுமா என்று கேட்டேன், பாருங்கள் என்றாள். குட்டிக் கார் உதியன்குளங்கரையில் கொஞ்சம் நின்றது, சிக்னலாக இருக்கும். அமரவிளைப் பாலத்தில் ஏறியது. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளத்தில் மறைந்தது. மேட்டில் வந்தது. நடுவில் பல் மருத்துவர் அவளுக்கு ஒரு வாழ்த்து அனுப்பியது எனக்கும் தெரிந்தது.

திரும்பும் வழியில், கடையோ வீடோ எதுவும் எனக்கு நினைவில்லாத ஓர் இடத்தில் கார் நின்றது. நிற்க நிற்க எனக்குக் கொஞ்சம் பதற்றம் வந்தது. என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்தது. வழியில் ஒருத்தர் தோட்டத்திலேயே ஏத்தன் வாழைக்குலை வெட்டி விற்கிறார், நல்ல காய், வாங்கட்டா?

வாங்கு, பெரிய குலையாகப் பார்த்து வாங்கு, பாதி நண்பன் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று எழுதினேன்.

குட்டிக் கார் மறுபடியும் நகர்ந்தது. பாலத்தைத் தாண்டியதும் எழுந்துபோய் அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தேன்.